அளவை அறிந்தால் ஆக்கம் பிறக்கும்

பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்குப் புதிய விளையாட்டு எழுதுகிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் விற்றுத் தீர்ந்து, பழுதாகி, காயலான்கடைக்குப் போன போர்டுகள் அவை. அவற்றுக்காக ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து விளையாட்டு எழுதுகிறார் என்று கேள்விப்பட்டால், "பிழைக்கத் தெரியாத பிள்ளை" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். திருவண்ணாமலையில் ரேடியோ, டிவி, பிறகு வீடியோ கேம் பெட்டி என்று வாழ்நாள் முழுக்கச் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பிள்ளைகள் பிழைக்கத் தெரிந்தவர்கள் என்பது என் கருத்து. பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் பலருக்குக் கிடைக்காத ஒரு படிப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது.

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் இருந்த வீடியோ கேம் கடைகளை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிச்சம் குறைந்த சிறிய அறை, சுவரோரம் நாலைந்து பெட்டிகள், கையில் சில்லறையோடு வரிசையில் நிற்கும் பையன்கள். காப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற விளையாட்டை ஒருவரும் அந்தப் பெயரில் கேட்டதில்லை. அதில் வரும் வீரன் ஒருவனின் பெயரைச் சொல்லி "முஸ்தபா இருக்கா அண்ணே?" என்றுதான் கேட்பார்கள்.

பெட்டியின் பின்கதவைத் திறந்தால் பிக்சர் டியூப், பவர் சப்ளை, நடுவில் ஒரு பெரிய போர்டு. போர்டின் ஓரத்தில் 56 முனைகள். ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் சங்கம் எண்பதுகளின் நடுவில் வகுத்த 'ஜாம்மா' அளவு அது. எல்லா நிறுவனமும் அந்த அளவுக்கு வந்த பிறகு, பெட்டியை வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்றினால் போதும் என்றாயிற்று. போர்டின் மேல் ஈப்ராம் சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சில்லின் முதுகில் சிறு கண்ணாடிச் சன்னல், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் அந்தச் சன்னல் வழியாகச் சில்லின் நினைவு முழுவதும் அழியும்; பிறகு புதிதாக எழுதலாம். ஸ்டிக்கர் உரிந்துபோய் நாள்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் அழிந்துவிடும். ஒரு முழு விளையாட்டு என் உள்ளங்கை அளவு சில்லுகளுக்குள் அடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை தோன்றும். அதை எழுதியவர் ஒரு பைட்டைக்கூட வீணாக்கியிருக்க முடியாது.

எவ்வளவு சிறிய இடம் என்று சொன்னால்தான் அந்த மரியாதை விளங்கும். 1977-இல் அமெரிக்காவில் வந்த அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியின் வேலை நினைவகம் 128 பைட். திருக்குறளின் முதல் குறளை இன்றைய யூடிஎஃப்-8 முறையில், சொல்லுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதினால் 123 பைட் ஆகும். மிச்சம் 5 பைட். அவ்வளவு இடத்துக்குள் வீரன் எங்கே நிற்கிறான், எதிரி எங்கே, எத்தனை புள்ளி, எத்தனை உயிர் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முழுப் படத்தைத் தயாராக வரைந்து வைக்க அந்த இயந்திரத்தில் இடம் கிடையாது. டிவியின் கதிர் திரையில் ஒரு கோடு போடும் நேரத்தில் சில்லு 76 துடிப்பு துடிக்கும். அதற்குள் அந்தக் கோட்டுக்கு வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் கதிர் காத்திருக்காது, அடுத்த கோட்டுக்குப் போய்விடும்.

டேவிட் கிரேன் என்பவர் 1982-இல் அந்தப் பெட்டிக்கு 'பிட்ஃபால்' என்ற காட்டு விளையாட்டை எழுதினார். அதில் 255 காட்சிகள். அத்தனையையும் சேமித்து வைக்க இடம் ஏது? ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண் பிறக்கும்படி ஒரு சிறு சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்த எண்ணே, இந்தக் காட்சியில் மரம் எங்கே, குழி எங்கே, முதலை உண்டா என்று சொல்லிவிடும். வலப்பக்கம் போனால் சூத்திரம் முன்னோக்கி ஓடும். இடப்பக்கம் திரும்பினால் பின்னோக்கி ஓடும். காடு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அடி வைக்க வைக்கப் பிறந்துகொண்டே இருந்தது. நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் 255 படங்களை வரைந்து அடுக்கிவிட்டுப் போயிருப்பார்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஜப்பானில் தைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். 55 எதிரிகள் அணிவகுத்து இறங்குவார்கள். அத்தனை பேரையும் நகர்த்துவது அந்தப் பெட்டியின் சில்லுக்குச் சுமை. ஆகையால் தொடக்கத்தில் மெதுவாக நகர்வார்கள். சுடச்சுட ஆள் குறையும், சுமை குறையும், மிச்சம் இருப்பவர்கள் வேகமாக வருவார்கள். கடைசி ஆள் பாய்ந்து வருவான். சில்லின் பலவீனத்தால் வந்த அந்த வேகத்தை நிஷிகாடோ திருத்தவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். ஆடுபவரின் நெஞ்சு படபடப்பதற்குக் காரணமே அதுதான். ஆட்டம் போகப் போக வேகம் கூடவேண்டும் என்ற இலக்கணத்தை அதன் பிறகு எத்தனையோ விளையாட்டுகள் எடுத்துக்கொண்டன.

பழைய போர்டுக்குப் புதிய ஆட்டம் என்பதும் இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1981-இல் அமெரிக்காவில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர்கள், 'பேக்-மேன்' பெட்டிக்குள் செருகும் ஒரு துணைப் போர்டைச் செய்தார்கள். கடைக்காரர் பெட்டியை மாற்ற வேண்டாம். துணைப் போர்டைச் செருகினால் புது வழிகள், புது நடத்தை கொண்ட பேய்கள் என்று வேறொரு விளையாட்டாக ஆகிவிடும். அதை மிட்வே நிறுவனம் வாங்கி 1982-இல் 'மிஸ் பேக்-மேன்' என்று வெளியிட்டது. அமெரிக்க விளையாட்டுக் கடைகளில் மிக அதிகமாக விற்ற பெட்டிகளில் ஒன்று அது. இருப்பதை நன்றாக அறிந்தவர்கள், அதன் மேல் ஒரு படி கட்டினார்கள்.

என் பேத்தி சென்னையில் கணினி வேலை பார்க்கிறாள். போன கார்த்திகை தீபத்துக்கு வந்தவள் மடிக்கணினியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாம்கோ நிறுவனம் 1979-இல் செய்த 'கேலக்ஸியன்' போர்டுக்கு ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தாள். உண்மையான போர்டு அவளிடம் இல்லை. பழைய போர்டுகளைப் போலவே கணினிக்குள் நடந்துகொள்ளும் 'மேம்' என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்த்தாள். கதை நம் ஊர்க் கதைதான். ஒரு சிறுமி நெய்த்தூக்கோடு கிரிவலப் பாதையைக் குறுக்கே கடந்து மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். பாதை நிறையக் கூட்டம்.

"தாத்தா, இந்த போர்டுல தனியா நடமாடுற பொம்மை மொத்தமே எட்டுதான். எட்டு பேரை வச்சுக்கிட்டு தீபக் கூட்டத்தை எப்படிக் காட்டுறது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு அவள் படுத்தாள், எழுந்தாள். விடை போர்டிலேயே இருந்தது. கேலக்ஸியன் திரை 28 கட்டம் அகலமும் 32 வரிசை உயரமும் கொண்டது. ஒவ்வொரு கட்டமும் எட்டுக்கு எட்டு புள்ளி. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனி வேகத்தில் பக்கவாட்டில் நகர்த்தலாம். 1981-இல் கொனாமியின் 'ஃபிராகர்' விளையாட்டில் தவளை கடக்கும் ஆறும் சாலையும் இந்த வசதியின் மேல்தான் கட்டப்பட்டவை. ஆகவே கூட்டத்துக்குப் பொம்மையே வேண்டாம். மனிதர்களைக் கட்டங்களில் வரைந்து வரிசையோடு நகர்த்தினால் போதும். எட்டு பொம்மைகளும் சிறுமிக்கும், அவள் தூக்குக்கும், குறுக்கே ஓடும் நாய்க்குட்டிக்கும் மிச்சமாயின.

அடுத்தது நிறம். ஒரு வரிசைக்குக் கறுப்பு நீங்கலாக மூன்று நிறம்தான் கிடைக்கும். ஓர் ஆள் இரண்டு வரிசை உயரம். அவள் மேல் வரிசையின் மூன்று நிறத்தில் தலை, முகம், தோளை முடித்தாள். கீழ் வரிசையின் மூன்று நிறத்தை வேட்டிக்கும் புடவைக்கும் கொடுத்தாள். அதனால் ஒரு சாரி முழுக்கக் காவியாகவும், இன்னொரு சாரி வெள்ளை வேட்டியாகவும், அடுத்தது மஞ்சள் புடவையாகவும் வந்தது. குழுக்குழுவாக ஒரே நிறத்தில் வரும் பக்தர்களைக் கிரிவலத்தில் பார்த்தவர்களுக்கு அது அப்படியே நம் ஊர்க் கூட்டம்.

முதலில் அவள் ஒரு வரிசையை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் ஓடவிட்டிருந்தாள், ஃபிராகரில் இருப்பது போல. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கிரிவலத்துல யாராவது எதிர்த்தாப்பல நடப்பாங்களாடி?" என்றாள். மலை வலக்கைப் பக்கம் இருக்கத்தானே நடப்பது வழக்கம். மலையைப் பார்த்து நிற்கும் சிறுமிக்கு எல்லோரும் வலமிருந்து இடமாகத்தான் போவார்கள். எல்லோரும் ஒரே திசை என்றானதும் வேகத்தில்தான் சவால் வைக்க வேண்டியதாயிற்று. கைத்தடி ஊன்றிய பெரியவர்கள் மெல்லப் போகும் வரிசை, கைகோத்து விரையும் இளைஞர் வரிசை, நடுவில் இடைவெளி திறந்து மூடும் கணம். அந்தப் போர்டில் ஒரு வரிசை இடப்பக்கம் மறைந்தால், சுற்றிக்கொண்டு வலப்பக்கம் மீண்டும் வந்துவிடும். 14 கிலோமீட்டர் சுற்றி வந்த அதே பெரியவர் திரும்பவும் எதிரே வருவார். 1979-இல் விண்வெளிச் சண்டைக்காக வடிவமைத்த ஒரு ஜப்பானியப் போர்டு கிரிவலத்துக்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது. அவள் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியைச் சம்பள உயர்வு வந்த நாளில்கூட நான் கண்டதில்லை.

அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அவளுடைய அலுவலகத்தில் கருவிகள் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. ஒன்றைக் கற்று முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து செய்யும் வேலையில் அவள் கை எது என்று அவளுக்கே தெரிவதில்லை. கேலக்ஸியன் போர்டு இனி மாறப்போவதில்லை. அதன் ஒவ்வொரு மூலையையும் ஒரே ஆள் அடிமட்டம்வரை அறிந்துகொள்ள முடியும். அறிந்துகொண்ட பிறகு, அதைச் செய்தவர்களே எண்ணிப் பார்க்காத ஒன்றை அதிலிருந்து எடுக்க முடியும். படமும் அவளே, ஒலியும் அவளே, கணக்கும் அவளே. தொடங்கியதை முடிக்கவும் முடியும். ஆக்கத்தில் இதைவிடப் பெரிய நிறைவு இல்லை.

இது நம் மண்ணுக்குத் தெரியாத செய்தியும் அல்ல. அருணகிரிநாதர் இந்த ஊர்க்காரர். சந்தத்தை முதலில் வகுத்துக்கொண்டு, அதைக் கடைசி அடிவரை மீறாமல் பாடினார். சந்தம் மாறாது, அதற்குள் வந்து சேரும் சொல்லுக்கு முடிவே இல்லை. நம் மாவட்டத்தில் செய்யாறு பக்கம் புரிசை என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த தெருக்கூத்துக் கலைஞர்களின் ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரைத்துணி, கட்டை கட்டிய வேடம், ஒரு கட்டியங்காரன். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இவ்வளவுதான் சாமான். பாரதக் கதைக்கென்று அமைந்த அந்தக் கூத்துக்குள் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையும், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ்ஸின் கதையையும் கொண்டுவந்து ஆடினார்கள் புரிசைக்காரர்கள். கூத்து மாறவில்லை, கதை புதிதாக வந்து உட்கார்ந்தது. பழைய கருவிக்குப் புதிய ஆட்டம் எழுதுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் எங்கே தேடுவேன்?

இதைப் பழம்பெருமை என்று தள்ளுபவர்கள் உண்டு. பழைய விளையாட்டை மறுபடி மறுபடி ஆடிக்கொண்டிருப்பது பழம்பெருமை. பழைய போர்டுக்குப் புதியதை எழுதுவது அந்தப் போர்டை இன்றைய நாளுக்குக் கொண்டுவருவது. எஸ்என்கே நிறுவனம் 1990-இல் கடைகளுக்குக் கொண்டுவந்த நியோ ஜியோ போர்டுக்கு அதிகாரபூர்வமான கடைசி விளையாட்டு 2004-இல் வந்தது. அதன் பிறகும் 2006-இல் ஜெர்மனியைச் சேர்ந்த என்ஜி டெவ் டீம் குழுவினர் 'லாஸ்ட் ஹோப்' என்ற புதிய விளையாட்டை அதற்கு வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டில் விளையாட்டுப் பிரிவின் தலைவராக இருந்த எட் ஃப்ரைஸ், அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ஹேலோ' விளையாட்டைச் சுருக்கி, 2010-இல் அட்டாரி 2600-க்கு 4 கிலோபைட்டில் எழுதினார். கோடிக்கணக்கில் செலவு செய்து விளையாட்டு வெளியிட்டவர் அவர். அவரை அந்தச் சின்னப் பெட்டியின் முன் உட்கார வைத்தது அதன் நெருக்கம்தான். அந்த ஆக்கத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகம் 2013-இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

பணம் வருமா என்று கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலும் வராது. ஆனால் ஒரு பைட்டை எண்ணிச் செலவழிக்கக் கற்ற கை, பெரிய வேலைக்குப் போனாலும் அந்த ஒழுக்கத்தைக் கொண்டுபோகும். அதோடு, ஒரு ரூபாய் கொடுத்து ஆடும் பையனுக்கு ஒரு நிமிடத்தில் விளங்க வேண்டும், தோற்றால் தன் தவறு என்று அவனுக்கே தெரிய வேண்டும், மறுபடி ஆடத் தோன்ற வேண்டும் என்பது கடைப் பெட்டி விளையாட்டின் தர்மம். கேட்பவரின் நேரத்தையும் காசையும் மதித்துப் பேசும் பழக்கம் அது. எந்தத் தொழிலுக்கும் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கருவியை நேசிப்பவர்களால்தான் அது பிழைத்திருக்கிறது. காப்காம் 1993-இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டில், நகலெடுப்பைத் தடுக்க விளையாட்டைப் பூட்டி, சாவியை ஒரு பேட்டரியின் தயவில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு செத்துவிடும். அப்படிச் செத்த போர்டுகளைப் பார்த்துக் கடைக்காரர்கள் கைவிட்டார்கள். ஆர்வலர்கள் கைவிடவில்லை. 2007-இல் அந்தப் பூட்டின் கணக்கை அவிழ்த்தார்கள். 2016-இல், செத்த போர்டுக்குள் சாவியைத் திரும்ப எழுதும் வழியையும் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. ரிப்பேர் செய்பவன் என்ற முறையில் அவர்களை நான் வணங்குகிறேன்.

வாழ்க்கைக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், எல்லாமே இருக்கிறது. வசதி வந்த பிறகு செய்கிறேன், நல்ல கருவி கிடைத்த பிறகு எழுதுகிறேன், ஓய்வு பெற்ற பிறகு படிக்கிறேன் என்று தள்ளிப்போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வசதி வரும்போது நாள் போயிருக்கும். நமக்குக் கிடைத்த வேளையும் காசும் உடம்பும் ஓர் அளவுக்குள் இருப்பவைதான். அந்த அளவைத் திட்டிக்கொண்டே காலம் கழிக்கலாம். அல்லது நிஷிகாடோ தன் சில்லை அறிந்தது போல அறிந்து, அதற்குள் என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். எனக்கு இப்போது கண்ணும் கையும் முன்போல இல்லை. நுண்ணிய சால்டரிங் வேலை முடியாது. பழுதைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுக்க முடியும். அதைச் செய்கிறேன், முன்பு செய்ததைவிட நன்றாகவே செய்கிறேன்.

இளைஞர்களுக்குச் சொல்கிறேன். தொடங்க உங்களுக்கு ஒரு சாதாரணக் கணினி போதும். மேம் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டீவன் ஹக் என்பவர் கேலக்ஸியன் போன்ற பழைய போர்டுகளுக்கு சி மொழியில் விளையாட்டு எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அடுத்தவர் விளையாட்டைப் பிரதி எடுத்து ஓட்டாதீர்கள். சொந்தமாக ஒன்று எழுதுங்கள். ஆடு புலி ஆட்டத்தை எழுதுங்கள், தேரோட்டத்தை எழுதுங்கள், உங்கள் தெருவை எழுதுங்கள். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முடித்துக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ மூடிய கடையிலோ ஒரு பழைய வீடியோ கேம் போர்டு கிடந்தால் அதைக் காயலான்கடையில் எடைக்குப் போடாதீர்கள். விளக்கமாகச் சொல்ல உங்களால் முடியாவிட்டாலும் பரவாயில்லை, அதைக் கற்க விரும்பும் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.